திப்புவின் ராக்கெட்டும் மூங்கில் கழியும்

மந்தைவெளியிலிருந்து காஞ்சிபுரம் போகும் நம்மில் பலர் அருகிலுள்ள புள்ளலூரைப் பார்ப்பதில்லை. 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகள் அங்கேதான் ராக்கெட்டுகளையும் ஏவி ஆங்கிலேயரை வீழ்த்தின. இதைப் பெருமையாகச் சொல்லும் நாம், அந்த ராக்கெட்டின் குறையைச் சொல்வதில்லை.

இரும்புக் குழாயில் வெடிமருந்து. நேராகப் பறக்க நீண்ட மூங்கில் கழி. ஆனாலும் நெருப்பு சற்றுக் கோணலாக வெளியேறினால் போதும், ராக்கெட் அந்த ஒரே பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போகும். பின்னர் இங்கிலாந்தில் காங்கிரீவ் செய்தவற்றிலும் கழி இருந்தது.

1844இல் வில்லியம் ஹேல் கழியை எடுத்துவிட்டார். புகையைச் சாய்வாக வெளியேற்றி ராக்கெட்டையே சுழலவிட்டார். சுழலும்போது அதே கோணல் ஒரு கணம் வலப்பக்கம் தள்ளும், மறுகணம் இடப்பக்கம். இரண்டும் பெரும்பாலும் ஈடாகிவிடும். பம்பரம்போல எளிதில் சாயவும் சாயாது.