புகை கழுவும் துளிகள்

தூத்துக்குடியைப் போன்ற அனல் மின்நிலையங்களில் நிலக்கரியிலுள்ள கந்தகமும் எரிந்து, நுரையீரலை உறுத்தும் கந்தக டை-ஆக்சைடு ஆகிறது. இதைப் பிடிப்பது எங்ஙனம்?

புகையை ஓர் உயர்ந்த கோபுரத்தில் மேல்நோக்கிச் செலுத்தி, சுண்ணாம்புக்கல் தூள் கலந்த நீரை மேலிருந்து தூவுவது ஒரு முறை. பந்தல்குடியில் வெட்டியெடுக்கிறார்களே, அதே வகைக் கல்தான். நீரில் கரைந்த வாயு, சுண்ணாம்புடனும் ஆக்சிஜனுடனும் வினைபுரிந்து ஜிப்சம் ஆகிறது.

2 மி.மீ. துளி ஒன்றை 1 மி.மீ. துளிகளாக்கினால் எட்டுத் துளிகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு இருமடங்காகும். வாயு விரைந்து கரையும். அப்படியானால் இன்னும் நுண்ணிய துளி நல்லதா? இல்லை. அரை மி.மீ. துளி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தில்தான் விழும். புகையோ 3, 4 மீட்டர் வேகத்தில் ஏறும். களத்தில் தூற்றும்போது பதர் பறப்பதுபோல் துளி புகையோடு போய்விடும்.

வாயு, நீர், தூள் ஆகிய மூன்றும் கலந்தோடுவதைக் கையால் கணக்கிட இயலாது. ஆகவே கணிப்பொறியில் கோபுரத்தைப் பல லட்சம் சிற்றறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வாயுவின் வேகத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடுகின்றனர். துளிகளின் பாதையை நியூட்டன் விதிப்படி தொடர்கின்றனர். துளி படாமல் புகை நழுவும் மூலையைக் கட்டுமுன்பே கண்டு, தூவுகுழல்களை இடம் மாற்றலாம். ஆயினும் விடையை உண்மைக் கோபுரத்தின் அளவீடுகளோடு ஒப்பிட்ட பின்னரே நம்பவேண்டும்.

இவ்வாயுவுக்கு 2015-இல் வரம்பு விதித்த இந்திய அரசு, 2025-இல் பெரும்பாலான நிலக்கரி நிலையங்களுக்கு விலக்கு அளித்தது. அமைக்கும் இடங்களிலேனும் கோபுரம் பழுதின்றிப் பணிபுரிய இக்கணக்கு உதவும்.