கடன் வழக்கும் சட்டத்தரணியைத் தெரிவு செய்தலும்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல தம்முடன் எடுத்துச் சென்றவை சில உடுபுடைவைகளும் பாத்திரங்களுமே. விட்டுச் சென்றவற்றுள் கடனும் ஒன்று. விதைநெல்லுக்கும் பசளைக்கும் வங்கியில் பெற்ற கடன், லாண்ட்மாஸ்டருக்கு லீசிங் கம்பனியில் பெற்ற கடன், காணியை ஈடு வைத்துத் தனியாரிடம் வாங்கிய பணம் என்பன வீடு வாசல் அழிந்தாலும் தாமாக அழிவதில்லை. எமது நிலையங்களுக்கு வரும் கமக்காரர் பலர் “வழக்கு வந்துவிட்டது, நல்ல சட்டத்தரணி ஒருவரைச் சொல்லுங்கள்” என்றே கேட்கின்றனர். பெயர் ஒன்றைச் சொல்வது எளிது. எதைப் பார்த்து ஒருவரைத் தெரிவு செய்வது என்பதை அறிந்து கொள்வதே நிலையான பயனைத் தரும். அதனை இங்கு விளக்க முயல்கிறோம்.

முதலில் கடிதம் எத்தகையது என்று பாருங்கள்

கையில் கிடைத்த கடிதம் எல்லாம் ஒரே வகையானதல்ல. அதன் வகைக்கேற்பவே தேவைப்படும் சட்டத்தரணியும் வேறுபடுவார்.

1. கோரிக்கைக் கடிதம். கடன் கொடுத்தவரின் சட்டத்தரணி அனுப்புவது. இது வழக்கு அன்று. பேசித் தீர்க்க இன்னும் இடமுண்டு.

2. மாவட்ட நீதிமன்ற அழைப்பாணை. இதில் ஒரு திகதி குறிக்கப்பட்டிருக்கும். அன்று சமுகமளிக்காவிட்டால் ஒருதலைப்பட்ச விசாரணை நடந்து தீர்ப்பு வழங்கப்படலாம்.

3. 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் மீட்பு விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் வரும் கட்டளை. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் இவ்வழியை நாடுகின்றன. இங்கு நீதிமன்றம் முதலிலேயே ஒரு தீர்ப்பாணையை எழுதி அனுப்பிவிடும். குறித்த நாளில் காரணம் காட்டாவிடில் அதுவே முடிவாகிவிடும். காரணம் காட்டுவதற்குங்கூட மன்றின் அனுமதி வேண்டும். பணத்தையோ பிணையையோ கட்டி அனுமதி பெறலாம். அல்லது விசாரிக்கத்தக்க விடயம் ஒன்று உண்டென்று சத்தியக்கடதாசி மூலம் காட்டி அனுமதி பெறலாம். இச்சத்தியக்கடதாசியை எழுதத் தெரிந்தவரே இவ்வழக்குக்கு ஏற்றவர்.

4. நடுத்தீர்ப்பாளரின் அறிவித்தல். லீசிங் உடன்படிக்கைகள் பலவற்றில் பிணக்கு நடுத்தீர்ப்புக்கு விடப்படும் என்ற வாசகம் உண்டு. “இது நீதிமன்றம் அல்லவே” என்று இதனை ஒதுக்கி வைப்பவர்கள் பலர். நடுத்தீர்ப்பை மேல் நீதிமன்றத்தின் மூலம் நிறைவேற்றலாம். அதனை ஆட்சேபிப்பதற்கு 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் 60 நாட்களையே தருகிறது.

5. வங்கிப் பணிப்பாளர் சபையின் ஏலத் தீர்மானம். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி வங்கி வழக்கு வைக்காமலே ஈட்டுக் காணியை ஏலத்தில் விற்க முடியும். 2011 இல் செய்யப்பட்ட திருத்தம், முதல் 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன்களுக்கு இதிலிருந்து விலக்களித்தது. இத்தகைய தொகைகள் காலத்துக்குக் காலம் மாறுவன. ஆகவே நடப்பு நிலையைச் சட்டத்தரணியிடம் உறுதி செய்து கொள்ளுங்கள்.

இடம்பெயர்ந்தோருக்கு உள்ள தனி ஆபத்து

அழைப்பாணை, கடன் பத்திரத்தில் எழுதிய முகவரிக்கே செல்லும். ஆள் இல்லாவிடில் கடைசியாக அறியப்பட்ட இருப்பிடத்தில் ஒட்டிவிட்டுப் போகவும் மன்று கட்டளையிடலாம். பூட்டிய வீட்டுக் கதவில் ஒட்டிய கடதாசியை யார் படிப்பது? முகாமில் உள்ளவர் ஒன்றும் அறியாதிருக்க, ஊரில் தீர்ப்பு முடிந்துவிடும்.

ஆகவே கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் புதிய முகவரியை எழுத்தில் அறிவித்துப் பதிவுத் தபால் சீட்டை வைத்திருங்கள். ஒளிந்திருப்பது பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை கையில் கிடைத்தாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அது சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள், முன்பு வராததற்கு நியாயமான காரணம் காட்டி, அதனை நீக்கும்படி மன்றைக் கேட்கலாம். இடம்பெயர்ந்ததற்கான கிராம அலுவலரின் உறுதிக் கடிதமும் முகாம் பதிவும் அவ்வேளையில் பெறுமதி மிக்க சான்றுகள். ஆனால் 15 ஆம் நாள் சட்டத்தரணியைத் தேடுவதில் பயன் குறைவு.

யாரைத் தெரிவு செய்வது?

இந்நாட்டில் 1974 முதல் அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற வேறுபாடு இல்லை. உயர் நீதிமன்றத்தில் பெயர் பதிந்த எல்லோரும் சட்டத்தரணிகளே. எனினும் ஒருவர் காணி வழக்கிலும், ஒருவர் குற்ற வழக்கிலும், ஒருவர் உறுதி எழுதுவதிலும் பழகியவராக இருப்பார். குற்ற வழக்கில் நீதவான் மன்றில் பெயர் பெற்றவர் கடன் மீட்பு வழக்கிலும் அவ்வாறே இருப்பார் என்று கொள்ளலாகாது.

நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்த இடம். வழக்குகள் கூப்பிடப்படும் நாளில் ஒரு காலைப் பொழுது பின்வாங்கில் அமர்ந்து பாருங்கள். எவர் கோவையைப் படித்து வந்து பேசுகிறார், எவர் தவணை மட்டும் கேட்கிறார் என்பது சட்டம் படியாதவருக்கும் விளங்கும். இதே வகை வழக்கில் அகப்பட்டு மீண்ட அயலவரையும் விசாரியுங்கள்.

மன்ற வாசலில் வந்து “நல்ல ஆளிடம் கூட்டிப் போகிறேன்” என்னும் தரகரை நம்ப வேண்டாம். தரகர் வைத்து வழக்குப் பிடிப்பது சட்டத்தரணிகளின் ஒழுக்க விதிகளுக்கு முரணானது. அதேபோல் “கட்டாயம் வெல்வோம்” என்று முதல் நாளே வாக்களிப்பவரிடமும் அவதானமாக இருங்கள். கடனை உண்மையில் வாங்கியிருந்தால், நல்ல சட்டத்தரணி அதை ஒளிக்காமல், வட்டி சரியா, செலுத்திய பணம் கணக்கில் சேர்ந்ததா, தவணைக்கு வழி உண்டா என்றே முதலில் பார்ப்பார்.

முதற் சந்திப்பில் பின்வருவனவற்றைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

• இத்தகைய வழக்கில் கடனாளிக்காகத் தோன்றியிருக்கிறீர்களா?
• இந்த வங்கிக்கோ கம்பனிக்கோ நீங்கள் வேலை செய்கிறீர்களா? ஈட்டு உறுதியை எழுதிய நொத்தாரிசு நீங்களா? (ஆம் என்றால் வேறொருவரை நாடுவது நல்லது.)
• மன்றில் நீங்களே பேசுவீர்களா, வேறொருவரை அமர்த்துவீர்களா?
• வழக்கு கொழும்பில் என்றால் அங்கு யார் தோன்றுவார்?
• மறுமொழியைக் கொடுக்கக் கடைசி நாள் எது?

வடக்கு கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ். வேறிடத்தில் வழக்கு நடந்தால் மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆகவே விளங்காத மொழியில் எழுதிய எதிலும் “பிறகு சொல்கிறேன்” என்ற சொல்லை நம்பிக் கையெழுத்திட வேண்டாம்.

கட்டணமும் நியமனப் பத்திரமும்

கட்டணம் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவல்ல. ஆவணம் எழுத எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு, முத்திரைச் செலவு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். கொடுக்கும் பணம் ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். கடன்காரருக்குக் கட்டும்படி சட்டத்தரணியிடம் கொடுக்கும் பணத்துக்கு வேறாகச் சீட்டு எழுதுவியுங்கள்.

புறொக்சி என்று சொல்லப்படும் நியமனப் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்திட்டு அது மன்றில் சேர்க்கப்பட்டதும், அவர் உங்கள் பதிவு செய்யப்பட்ட சட்டத்தரணி ஆகிறார். அது நடைமுறையில் உள்ளவரை அவர் வழியாகவே வழக்கை நடத்த வேண்டும். இன்னொருவரை அமர்த்த விரும்பினால், மன்றின் அனுமதியுடன் முன்னையதை நீக்க வேண்டும். ஊரை விட்டு வந்தவர் பலர் இதை அறியாமல் புதிய இடத்தில் வேறொருவருக்குப் பணம் கட்டி ஏமாறுகின்றனர். நியமனம் செய்தவர் இறந்தால் அப்பத்திரமும் முடிந்துவிடும். கணவர் இறந்திருந்தாலோ காணாமற் போயிருந்தாலோ மனைவி அதனை உடனே சட்டத்தரணிக்குச் சொல்ல வேண்டும். காணாமற் போனோருக்கு, ஆள் இல்லாமைக்கான சான்றிதழ் பெறும் ஏற்பாடு 2016 இல் சட்டமாக்கப்பட்டது.

வெற்றுத் தாளில் எவருக்கும் கையெழுத்துக் கொடுக்க வேண்டாம். வழக்கு இலக்கம், மன்றின் பெயர், அடுத்த திகதி ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இம்மூன்றும் இருந்தால் நீதிமன்றப் பதிவகத்தில் நீங்களே விசாரிக்கலாம். மூலப் பத்திரங்களைக் கொடுக்கும்போது பிரதி எடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுத்தும் வாங்குங்கள்.

கையெழுத்திடுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

கடனுக்குக் காலவெல்லை உண்டு. 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி ஈட்டுக் கடனுக்கு 10 வருடம், எழுத்து உடன்படிக்கைக்கு 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3 வருடம். ஆனால் மன்று தானாக இதை எடுத்துப் பார்க்காது. உங்கள் மறுமொழியில் சொல்லப்பட வேண்டும். மேலும், பழைய கடனை ஏற்றுப் புதிதாகக் கையெழுத்திட்டால் அக்காலவெல்லை மீண்டும் ஆரம்பித்துவிடும். ஆதலால் பல வருடங்களுக்குப் பின் ஒருவர் “கணக்கைச் சரிபார்க்க ஒரு கையெழுத்து” என்று வந்தால் முதலில் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

பிணை நின்றவரும் கடனாளிக்கு இணையாகவே வழக்கிழுக்கப்படலாம். முதலில் கடனாளியிடம் அறவிடு என்று கேட்கும் உரிமையைப் பல படிவங்களில் பிணையாள் முன்னரே விட்டுக்கொடுத்திருப்பார். பிணையாளும் கடனாளியும் ஒரே சட்டத்தரணியை அமர்த்தலாமா என்பதை அவரிடமே கேளுங்கள்.

தீர்ப்புக்குப் பின் பிஸ்கால் வந்தாலும் எல்லாவற்றையும் அள்ளிச் செல்ல முடியாது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218 ஆம் பிரிவு, கமக்காரனின் உழவுக் கருவிகள், சீவனத்துக்குத் தேவையென மன்று கருதும் மாடு, விதைநெல் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பளிக்கிறது. மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கலாகாது என்ற இணைச்சட்ட நூலின் கட்டளையும் இதே கருத்துடையதே. ஆனால் லீசிங்கில் பெற்ற இயந்திரம் கடைசித் தவணை கட்டும்வரை கம்பனியின் உடைமை. அதற்கு இப்பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

“வங்குரோத்து என்று அறிவித்துவிட்டால் தப்பலாமா?” என்றும் சிலர் கேட்கின்றனர். அதற்கான கட்டளைச் சட்டம் 1853 இல் இயற்றப்பட்டது. விண்ணப்பம் மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. அவ்வழியில் உங்கள் சொத்துக்கள் கடன்காரரிடையே பங்கிடப்படும். சிறு கமக்காரருக்குத் தவணை முறையில் இணங்குவதே பெரும்பாலும் நன்று.

கமக்காரரே வழக்காளியானால்

நெல்லையோ வெங்காயத்தையோ கடனுக்குக் கொடுத்துப் பணம் வராமற் போனவர்களும் உண்டு. விற்று ஒப்படைத்த பொருளின் விலைக்கு வழக்கிட ஒரு வருடமே உண்டு. “அடுத்த போகத்தில் தருகிறேன்” என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக் காத்திருந்தால் உரிமை போய்விடும். நிறுத்த சீட்டை வைத்திருங்கள். வாங்கிய கம்பனி கலைக்கப்படுவதாக அறிந்தால், கலைப்பாளரிடம் உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்யும்படி சட்டத்தரணியைக் கேளுங்கள்.

பணம் இல்லாவிடில்

1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தோருக்கு உதவுகிறது. நீதிமன்றங்கள் பலவற்றின் அருகே அதன் அலுவலகங்கள் உள்ளன. தனியார் சிறு கடன்கள், குறித்த தொகைக்கு மேற்படாதவை, முதலில் மத்தியஸ்த சபைக்கே போக வேண்டும். அங்கு உங்களுக்காகச் சட்டத்தரணி பேச முடியாது, நீங்களே பேசலாம். தனியாரிடம் காணியை ஈடாகவோ நிபந்தனை அறுதியாகவோ எழுதியவர்கள், மீட்புத் தவணை முடியுமுன்பே கடன் இணக்கச் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவணை முடிந்த பின் காணி கைமாறிவிடும்.

சட்டத்தரணி பணத்தைக் கையாடினாலோ வழக்கைக் கைவிட்டாலோ சட்டத்தரணிகள் சங்கத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் முறையிடலாம். தொழிலிலிருந்து நீக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கே உண்டு.

லூக்கா நற்செய்தியில் வரும் கைம்பெண்ணுக்குப் பேச ஆளில்லை. அவள் நீதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போனாள். சட்டத்தரணி இருந்தாலும் அந்த விடாமுயற்சி உங்களுக்கும் வேண்டும். தவணை தோறும் மன்றுக்குச் செல்லுங்கள். கையில் கடிதம் ஏதும் இருந்தால், அதில் உள்ள திகதியை இன்றே பாருங்கள். வாசிக்கக் கடினமாயின் அருகிலுள்ள பங்கு அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.