நாணயத்தைப் பற்றி எழுதுகிறவருக்கு நாணயம் வேண்டும்!

திருத்தணி முருகன் கோவிலுக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பது கணக்கு. காவடி எடுத்து வருகிறவரும், கைக்குழந்தையோடு வருகிறவரும் ஒவ்வொரு படியாகத்தான் ஏறுகிறார்கள்.

சுற்று வட்டார மக்களின் சேமிப்பும் அப்படித்தான். பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் தறியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். கூலியில் மிச்சம் பிடித்தது, சீட்டுப் போட்டு எடுத்தது, பெண் கல்யாணத்துக்கு என்று ஒதுக்கியது, எல்லாமே படிப்படியாகச் சேர்ந்த பணம்.

"இத்தனை படி எதற்கு? ஒரே தாவலில் உச்சிக்குப் போய் விடலாம்" என்று ஒருவன் சொன்னால், கேட்பவர்கள் சிரிப்பார்கள். அதையே பணத்தைப் பற்றிச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். "பேப்பரிலேயே போட்டிருக்கிறது, பார்!" என்று ஒரு தாளையும் நீட்டினால் நம்பி விடுவார்கள்.

திருத்தணி எல்லை ஊர். 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதிதான் ஆந்திராவில் இருந்து பிரிந்து, அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இங்கே தமிழும் கேட்கும், தெலுங்கும் கேட்கும். எந்த மொழியில் அச்சானாலும் அச்சில் வந்த சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு.

அந்த மதிப்பைக் காப்பாற்ற வேண்டியவர் யார்? எழுதுகிற நிருபர்தான். அதிலும், "கிரிப்டோ நாணயம்" பற்றி எழுதுகிற நிருபர் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஏன்?

கையில் வராத காசு

கிரிப்டோ நாணயம் என்பது நோட்டு அல்ல, காசும் அல்ல. உலகம் எங்கும் உள்ள கம்ப்யூட்டர்களில் எழுதி வைக்கப்படும் ஒரு கணக்கு. இதில் முதலாவது "பிட்காயின்". சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008-ம் ஆண்டு ஒரு திட்டம் வெளியானது. 2009-ம் ஆண்டு ஜனவரியில் பிட்காயின் நடைமுறைக்கு வந்தது.

ரூபாய் நோட்டுக்கு ரிசர்வ் வங்கி பொறுப்பு. பிட்காயினுக்கு எந்த அரசும் பொறுப்பு இல்லை. வாங்க ஆள் இருந்தால் விலை ஏறும்; இல்லாவிட்டால் இறங்கும். 2021-ம் ஆண்டு நவம்பரில் ஒரு பிட்காயின் விலை சுமார் 69 ஆயிரம் டாலர். சரியாக ஓர் ஆண்டு கழித்து, 16 ஆயிரம் டாலருக்கும் கீழே போய் விட்டது. உச்சத்தில் 69 ரூபாய் போட்டவருக்கு, 16 ரூபாய் கூட மிஞ்சவில்லை!

பிட்காயினைத் தவிர ஆயிரக்கணக்கான சின்ன நாணயங்களும் உண்டு. இங்கேதான் விஷயம் இருக்கிறது. வாரச்சந்தைக்கு ஒரே ஒரு கூடை மாங்காய் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். பத்துப் பேர் போட்டி போட்டால் விலை எகிறும். சின்ன நாணயமும் அப்படியே. "இது நல்ல நாணயம்" என்று ஒரு செய்தி வந்தால், பலர் ஓடிப் போய் வாங்குவார்கள். விலை ஏறும்.

அந்தச் செய்தியை எழுதியவரே அதை முன்கூட்டி வாங்கி வைத்திருந்தால்? ஏறிய விலையில் விற்று விடுவார். கடைசியாக வாங்கிய அப்பாவியின் பணம் போகும். அது செய்தி அல்ல, அச்சடித்த தூண்டில்!

நூறு ஆண்டுக்கு முன்பே பாடம்

பத்திரிகை நினைத்தால் மோசடியை வளர்க்கவும் முடியும், ஒழிக்கவும் முடியும். இதற்கு ஒரே ஊரில், ஒரே பத்திரிகையில் சாட்சி இருக்கிறது.

1920-ம் ஆண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். சார்லஸ் போன்சி என்பவர், "45 நாளில் நூற்றுக்கு 50 லாபம்" என்று பணம் வசூலித்தார். வெளிநாட்டுத் தபால் கூப்பன்களை வாங்கி விற்று லாபம் சம்பாதிப்பதாகச் சொன்னார். "பாஸ்டன் போஸ்ட்" என்ற பத்திரிகை ஜூலை மாதம் அவரைப் பற்றிச் சாதகமாக எழுதியது. ஜனங்கள் பணத்தோடு அவர் வாசலில் குவிந்தார்கள்.

பிறகு அதே பத்திரிகை விழித்துக் கொண்டது. கிளாரன்ஸ் பாரன் என்ற பொருளாதாரப் பத்திரிகையாளரைக் கணக்குப் பார்க்கச் சொன்னது. அவர் கேட்டது எளிய கேள்வி. "இவ்வளவு பணத்துக்கு எத்தனை கூப்பன் வேண்டும்?" சுமார் 16 கோடி வேண்டும். உலகத்தில் புழக்கத்தில் இருந்ததோ சுமார் 27 ஆயிரம்! ஆகஸ்டில் போன்சி கைதானார். பழைய ஆள் கேட்டால், புது ஆளின் பணத்தைத் தூக்கிக் கொடுத்தது அம்பலமானது. 1921-ம் ஆண்டு அந்தப் பத்திரிகைக்கு புலிட்சர் பரிசு கிடைத்தது.

பெயர் மாறினாலும் வித்தை மாறுவது இல்லை. நம் நாட்டிலும் "கெயின் பிட்காயின்" என்ற திட்டத்தில், மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் தருவதாக ஆசை காட்டினார்கள் என்று வழக்கு. அதை நடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட அமித் பரத்வாஜ் 2018-ம் ஆண்டு கைது செய்யப்பட்டார். வழக்கு முடியும் முன்பே, 2022-ல் இறந்து விட்டார்.

அடுத்தடுத்த மாதத்தில் இரண்டு செய்தி

2022-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, "காயின்டெஸ்க்" என்ற செய்தி நிறுவனம் ஒரு கணக்கை வெளியிட்டது. சாம் பேங்க்மேன்-பிரைடு என்பவரின் "அலமேடா" கம்பெனியின் சொத்தில் பெரும் பகுதி, அவருடைய இன்னொரு கம்பெனியான "எப்.டி.எக்ஸ்." தானே உண்டாக்கிய நாணயம் என்று அது காட்டியது. ஒன்பதே நாளில் எப்.டி.எக்ஸ். திவால்! 2024-ம் ஆண்டு மார்ச்சில் அவருக்கு 25 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

காயின்டெஸ்க்கின் அன்றைய முதலாளி யார் தெரியுமா? அதே கிரிப்டோ தொழிலில் இருந்த ஒரு பெரிய நிறுவனம். எப்.டி.எக்ஸ். விழுந்த வேகத்தில், அந்த நிறுவனத்தின் கடன் கொடுக்கும் கிளையும் 2023 ஜனவரியில் திவால் ஆனது. முதலாளிக்கு நஷ்டம் வந்தாலும், நிருபர் உண்மையை எழுதினார். இது நாணயம்.

இதற்கு நேர் மாறானது அடுத்த மாதமே வெளிவந்தது. "தி பிளாக்" என்ற கிரிப்டோ செய்தி நிறுவனத்தின் தலைமை நிர்வாகி மைக்கேல் மெக்காப்ரி. இவர் அதே அலமேடாவிடம் 4 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கி இருந்தார். தன்னிடம் வேலை பார்த்த நிருபர்களுக்குக் கூட அவர் அதைச் சொல்லவில்லை. விஷயம் வெளியானதும் பதவி விலகினார். ஒழுங்காக எழுதிய நிருபர்களையும் சேர்த்து ஜனங்கள் சந்தேகித்தார்கள். மறைத்தவர் ஒருவர், பழி சுமந்தவர்கள் பலர்!

விதி என்ன சொல்கிறது?

இந்தியப் பத்திரிகைக் கவுன்சில், பொருளாதார நிருபர்களுக்கு என்று சில நெறிகளை வகுத்து இருக்கிறது. அவற்றின் சாரம் இது:

1. எந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருக்கிறாரோ, அந்தக் கம்பெனியைப் பற்றி நிருபர் எழுதக்கூடாது.

2. பரிசு, கடன், இலவசப் பயணம், சலுகை விலைப் பங்கு எதையும் வாங்கி நடுநிலை தவறக்கூடாது.

3. கம்பெனி செலவில் போய்ப் பார்த்து எழுதினால், அதைச் செய்தியிலேயே சொல்ல வேண்டும்.

4. அச்சாகும் முன்பே தெரிந்த தகவலைக் கொண்டு தானோ, உறவினரோ, நண்பரோ லாபம் அடையக்கூடாது.

5. விவரங்களைச் சரிபார்க்காமல் வெளியிடக்கூடாது.

இவை கம்பெனிப் பங்குகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆனால் பங்குக்கு ஒரு நியாயம், கிரிப்டோவுக்கு ஒரு நியாயம் இருக்க முடியுமா?

நான்காவது விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. "வால் ஸ்டிரீட் ஜர்னல்" பத்திரிகையின் பாஸ்டர் வினன்ஸ் என்ற நிருபர், மறுநாள் எந்தக் கம்பெனியைப் பற்றி எழுதப் போகிறார் என்பதைத் தரகரிடம் முன்கூட்டிச் சொன்னார். 1985-ம் ஆண்டு கோர்ட்டு அவரைக் குற்றவாளி என்றது. 1987-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

நம் கவுன்சில் கண்டிக்கலாம். அபராதம் போட அதிகாரம் இல்லை. ஆகவே, மனசாட்சிதான் முதல் காவலாளி.

விளம்பரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலின் நெறிப்படி, 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விளம்பரத்தில் அபாய எச்சரிக்கை இருக்க வேண்டும். பத்திரிகை விளம்பரம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு இடம் அந்த எச்சரிக்கைக்கு. "கரன்சி" என்ற சொல்லையே அதில் பயன்படுத்தக்கூடாது. அப்படி இருக்க, விளம்பரத்தையே செய்தி போல உடுத்தி வெளியிட்டால் அந்த எச்சரிக்கைக்கு இடம் ஏது?

சட்டத்தையும் திரித்துச் சொல்லக்கூடாது

"அரசாங்கமே 30 சதவீதம் வரி போட்டு விட்டது. இனி பயம் இல்லை" என்று தரகர்கள் சொல்வது உண்டு. 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு வரி வந்தது உண்மை. ஆனால் வரி வேறு, உத்தரவாதம் வேறு. வங்கியில் போட்ட பணத்துக்கு 2020 முதல் 5 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. கிரிப்டோவுக்கு அது கிடையாது. இந்த ஒரு வரியைச் சேர்த்து எழுதாத செய்தி, பாதிச் செய்திதான்.

உண்டியல் காட்டும் வழி

கோவில் உண்டியலை ஒருவர் தனியாகத் திறந்து எண்ணுவது இல்லை. அதிகாரிகள் முன்னிலையில், பலர் பார்க்கத்தான் எண்ணுகிறார்கள். எண்ணுகிறவர் திருடர் என்று அர்த்தம் அல்ல. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காகத்தான்! நிருபரும் தன்னிடம் எந்த நாணயம் இருக்கிறது, யார் செலவில் போனார் என்பதை வெளிப்படையாகச் சொல்லி விட்டால், அவருக்கும் நல்லது, படிப்பவருக்கும் நல்லது.

படிக்கிற குடும்பங்களும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இது செய்தியா, விளம்பரமா? லாபத்தைச் சொன்னவர் நஷ்டத்தைச் சொன்னாரா? கம்பெனிக்காரர் பேச்சைத் தவிர வேறு யாரையாவது விசாரித்தாரா? லாபம் எங்கிருந்து வருகிறது என்று கணக்குக் காட்டினாரா? பணம் போனவர்களின் கதையையும் எழுதினாரா?

இவற்றுக்குப் பதில் இல்லாத செய்தியை நம்பி, தறிக் கூலியில் சேர்த்த ஒரு ரூபாயைக் கூட எடுத்துக் கொடுக்கக்கூடாது.

தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர். நேர்மைக்கும் நாணயம் என்று பெயர். முதல் நாணயத்தின் விலை ஏறும், இறங்கும். இரண்டாவது நாணயம் ஒரு முறை போனால் போனதுதான்!