மேலையிசை வரலாற்றின் காலப்பகுப்பு

மேலைநாட்டுச் செவ்வியல் இசையின் வரலாற்றை எடுத்துரைக்கும் நூல்கள் பெரும்பாலும் அதனை ஆறு காலங்களாகப் பகுத்துக் காட்டும். ஏறத்தாழ 1400 வரை இடைக்காலம். 1600 வரை மறுமலர்ச்சிக் காலம். 1750 வரை பரோக் காலம். அதன் பின்னர் 1820 அளவும் செவ்வியற் காலம். 1900 அளவும் ரொமாண்டிக் காலம். எஞ்சியது இருபதாம் நூற்றாண்டும் இற்றைக் காலமும் என்பது அப்பகுப்பு. கற்பார்க்கு எளிமை நல்கும் பகுப்பே இது. ஆயினும் இப்பெயர்களுள் எதனையும் அவ்வக்காலத்து இசைப்புலவர் தமக்குரிய பெயராகக் கொண்டு வாழ்ந்தனர் என எண்ணுதல் பொருந்தாது. தம் காலத்தைப் பரோக் காலம் எனப் பாக் கருதியதில்லை. இடைக்காலத்தார் தாம் இடையில் நிற்பதாக நினைத்திருத்தல் இயலாது. பெயர்கள் பின்னர் வந்தன. சில, வசையாகவும் வந்தன. எனவே பெயர்களை ஒருபால் நிறுத்தி, அவ்விசையின் இயல்பு எவ்வெவ்விடத்து மெய்யாகவே மாறிற்று என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் கருதத்தக்கது எழுத்து. உரோமைத் திருச்சபையின் வழிபாட்டுப் பாடல்கள் 590 முதல் 604 வரை திருத்தந்தையாக விளங்கிய முதலாம் கிரகோரியின் பெயரால் கிரகோரியப் பாடல் என வழங்கப்பெறுகின்றன. எனினும் இன்று நாம் அறியும் வடிவம் எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பிராங்கிய மன்னர் ஆட்சியில் உருப்பெற்றது என்பதே ஆய்வாளர் பலரின் துணிபு. ஒரு குரலாய், துணைக்கருவி இன்றி, சொல்லின் ஓட்டத்தைத் தழுவிச் செல்லும் இசை அது. பாடலின் சொற்களுக்கு மேல் சிறு கீற்றுக்களாகக் குரலின் ஏற்ற இறக்கங்களைக் குறிக்கும் வழக்கம் ஒன்பதாம் நூற்றாண்டில் தோன்றியது. அக்கீற்றுக்கள் முன்னரே பாடலை அறிந்தவனுக்கு நினைவூட்டவல்லன. அறியாதவனுக்குக் கற்பிக்கும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை.

இக்குறையை நீக்கியவர் இத்தாலியத் துறவியாகிய அரெத்சோ நகரத்துக் குய்தோ. 1025ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் கோடுகளை வரைந்து, கோட்டின் மேலும் கோடுகளின் இடையிலும் சுரங்களை நிறுத்தும் முறையை நிலைபெறச் செய்தார். ஒரு கோட்டுக்குச் செந்நிறமும் மற்றொன்றுக்கு மஞ்சள் நிறமும் இட்டுச் சுரத்தானங்களை அடையாளம் காட்டினார். புனித யோவானைப் போற்றும் இலத்தீன் பாடல் ஒன்றன் ஆறு அடிகள் முறையே ஒவ்வொரு சுரம் உயர்ந்து தொடங்குவதைக் கண்டு, அவ்வடிகளின் முதலசைகளாகிய உத், ரே, மி, ஃபா, சோல், லா என்பனவற்றைச் சுரப்பெயர்களாகக் கொண்டார். பத்தாண்டுப் பயிற்சியால் பெறுவதைத் தம் முறையால் ஓரிரு ஆண்டுகளிற் பெறலாம் என்று அவரே எழுதியுள்ளார். ஆசிரியர் வாயிலாக அன்றி ஏட்டின் வாயிலாக ஒரு பாடலைக் கற்கலாம் என்னும் நிலை ஈண்டுத் தோன்றியது. மேலையிசையின் பிற்கால வளர்ச்சி அனைத்தும் இந்நிலையின்மேல் எழுந்தது என்பது மிகையன்று.

எழுத்து வேரூன்றியதன் பயனாகவே பல்குரலிசை பெருகிற்று. ஒரு பாடலோடு மற்றொரு குரல் இணைந்து இயங்கும் முறையை ஒன்பதாம் நூற்றாண்டு இலக்கண நூலொன்று முன்னரே விளக்கியுள்ளது. ஆயினும் மூன்று நான்கு குரல்கள் வெவ்வேறு வழிச் சென்று உரிய இடத்தில் ஒன்றுகூடுதல் வேண்டுமாயின், உயர்வு தாழ்வு மட்டுமன்றிக் கால அளவும் எழுதப்பெறுதல் வேண்டும். 1163ஐ ஒட்டிக் கட்டத் தொடங்கப்பெற்ற பாரிசு நோத்ருதாம் பேராலயத்தைச் சார்ந்து வாழ்ந்த லியோனின், பெரோத்தின் என்னும் இருவர் பெயரால் வழங்கும் பாடல்களில் தாள ஒழுங்கு முறைப்படுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கொலோன் நகரத்துப் பிராங்கோ, குறியின் வடிவமே அதன் மாத்திரையைக் காட்டும் என விதித்தார். பதினான்காம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டார் மேலும் நுண்ணிய மாத்திரைகளை எழுத முற்பட்டனர். அதனைப் புதுக்கலை எனப் பெருமையோடு அழைத்தனர். திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான், புதியோர் சிறு சிறு சுரங்களைப் பெய்து பழம்பாடலின் உருவத்தை மறைக்கின்றனர் எனக் கடிந்து ஆணை பிறப்பித்தார். காலத்துக்குப் பெயரிட்டவர் அக்காலத்தவரே ஆன அருநிகழ்ச்சி இது. பிற்காலத்தார் மறுமலர்ச்சி என்றும் பரோக் என்றும் பேசும்போது இதனை நினைத்துக்கொள்ளல் தகும்.

மறுமலர்ச்சிக் காலம் எனப்படும் பதினைந்து பதினாறாம் நூற்றாண்டுகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. மூன்றாம் சுரத்தின் இணைவு இனிமையுடையதாகக் கொள்ளப்பட்டமையும், குரல்கள் யாவும் சமமதிப்புடையனவாய் ஒன்றை ஒன்று பின்பற்றிச் சென்றமையும் அக்காலத்துச் சிறப்புக்கள். துய்ஃபே, சோசுக்கென், பலஸ்திரீனா என்போர் அதன் தலைமக்கள். 1501இல் வெனிசு நகரத்துப் பெத்ரூச்சி பல்குரற் பாடல்களை அச்சிற் பதிப்பித்தார். எழுத்து பெற்ற ஆற்றலை அச்சு பன்மடங்காக்கிற்று. திரெந்துப் பேரவை பல்குரலிசையைத் தடைசெய்ய முனைந்ததாகவும், பலஸ்திரீனாவின் ஒரு திருப்பலிப் பாடல் அதனைக் காத்ததாகவும் வழங்கும் கதை இனிமையுடையதே. வலிய சான்று உடையதன்று.

இக்காலத்து நூலாசிரியருள் திங்க்தோரிசு என்பவர் 1477இல் எழுதிய ஒரு கருத்து மட்டும் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. தம் காலத்துக்கு நாற்பது ஆண்டுகட்கு முற்பட்ட இசையுள் கேட்கத்தக்கது எதுவும் இல்லை என்பதே கற்றோர் கொள்கை என அவர் குறிக்கின்றார். பழமையே பெருமை என்னும் எண்ணம் அவ்விசையுலகில் அன்று இல்லை. இதனை மனத்துட்கொண்டு மேற்செல்வோம்.

1600ஐ ஒட்டி நிகழ்ந்த மாற்றம் உண்மையானது, அக்காலத்தவரே உணர்ந்தது. பிளாரன்சு நகரத்து அறிஞர் சிலர், பண்டைக் கிரேக்க நாடகங்கள் பாடப்பெற்றன என நம்பி, சொல்லின் உணர்ச்சியைத் தனிக்குரல் ஒன்றே ஏந்திச் செல்லும் ஒரு முறையை வகுத்தனர். ஓபரா என்னும் இசைநாடகம் இவ்வாறு பிறந்தது. பல குரல்களின் சமநிலை குலைந்து, மேலே பாடும் குரல் ஒன்றும் கீழே நிற்கும் அடிச்சுரம் ஒன்றும் தூண்களாயின. இடையிலுள்ள சுரக்கூட்டுக்களைக் கருவியாளர் எண்குறிகளைக் கண்டு தாமே நிரப்பினர். மொந்தெவெர்தி இலக்கணம் மீறினார் என அர்த்தூசி என்பார் 1600இல் குற்றங்கூற, அவர் 1605இல், இரண்டாம் முறைமை தம்முடையது என்னும் கருத்துப்பட விடையிறுத்தனர். 1607இல் மாந்துவாவில் அவரது ஓர்ஃபேயோ அரங்கேறியது. 1637இல் வெனிசில் கட்டணம் செலுத்துவோர் எவரும் புகத்தக்க ஓபரா அரங்கு திறக்கப்பட்டது. அரண்மனையையும் ஆலயத்தையும் அன்றி மூன்றாவதொரு புரவலராக நுழைவுச்சீட்டு வாங்குவோர் தோன்றியமை அன்றே எனலாம்.

பரோக் என்னும் சொல் ஒழுங்கற்ற முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லினின்று வந்ததென்பர். 1733இல் பாரிசில் அரங்கேறிய இராமோவின் ஓபராவைக் கேட்டு வெறுத்த ஒருவர் மறு ஆண்டு எழுதிய கடிதத்தில் இச்சொல்லை இசைக்கு ஆண்டார். உரூசோ 1768இல் வெளியிட்ட இசை அகராதியும், குழம்பிய சுரக்கூட்டும் இயல்பற்ற பாட்டும் உடையதே பரோக் இசை எனப் பழித்தது. இகழ்ச்சி நீங்கி ஒரு காலத்தின் பெயராக இசைவரலாற்றில் அது வேரூன்றியது செருமானிய அறிஞர் குர்த் சாக்சு 1919இல் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே. விவால்தி, ஆண்டல், பாக் ஆகிய மூவரையும் நாம் ஒரே பெயரால் அழைப்பது ஒரு நூற்றாண்டு வழக்கமேயாகும்.

இக்காலத்தின் நிலைத்த பயன் சுருதி அமைப்பிற் காணப்படும். ஆதார சுரத்தினின்று பஞ்சமம் பஞ்சமமாகப் பன்னிரு முறை ஏறின், ஏழு தானங்களுக்கு மேற்பட்ட ஆதார சுரத்தை அடைதல் வேண்டும். ஆனால் கணக்கு ஒத்து வருவதில்லை. ஏறத்தாழ அரைச்சுரத்தின் காற்பங்கு மிகும். ஒரே ஆதாரத்தில் நின்று இசைப்பார்க்கு இம்மிகை இடர் தராது. ஒரு பாட்டின் நடுவே ஆதாரத்தையே பெயர்த்துச் செல்ல விரும்புவோர்க்கு, அதுவும் சுருதி நிலைத்த விசைக்கருவியில், இது பெருந்தடை. எனவே மிகையைப் பல சுரங்களின்மேற் பகிர்ந்து தீர்க்கும் முறைகள் எழுந்தன. பன்னிரு சுரத்தையும் ஆதாரமாகக் கொண்டு, ஒவ்வொன்றிலும் பெருமுறை சிறுமுறை எனும் இரண்டிலும் பாக் 1722இல் தொகுத்த இருபத்துநான்கு இணைப்பாடல்கள் இதன் வெற்றியைக் காட்டுவன. அவர் கொண்டது முற்றிலும் சமமான பகுப்பா அன்றா என்பதில் அறிஞர் வேறுபடுவர். அதே 1722இல் இராமோவும் சுரக்கூட்டின் இலக்கணத்தை நூலாக்கினார். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் இருபத்திரண்டு சுருதிக் கொள்கையை மறுத்துச் சமபங்கீட்டை வலியுறுத்தியதைக் கற்றோர்க்கு இக்கணக்கு புதியதன்று.

இனிச் செவ்வியற் காலம். அடர்ந்த பின்னல் நீங்கி, தெளிந்த மெட்டும் சமச்சீர் வாய்ந்த தொடர்களும் மேலோங்கின. ஓர் ஆதாரத்தில் தொடங்கி, வேறோர் ஆதாரத்துக்குச் சென்று, முரண்பட்டு, மீண்டு வந்து தங்கும் சொனாட்டா அமைப்பு நிலைபெற்றது. சுருதி அமைப்பு முன்னரே திருந்தியிராவிடின் இவ்வமைப்பு இயன்றிராது. ஹைடனின் வாழ்க்கை இக்காலத்தைப் பெயரினும் நன்றாக விளக்கும். 1761இல் எஸ்தர்ஹாசிப் பிரபுவின் குடும்பத்தில் அவர் பணியேற்றபோது எழுதிய உடன்படிக்கையின்படி, சீருடை அணிதல் வேண்டும். தாம் இயற்றியவற்றைப் பிறர்க்குப் படியெடுத்துத் தருதல் கூடாது. 1779இல் எழுதிய புதிய உடன்படிக்கையில் அத்தடை இல்லை. 1790இல் பிரபு மறைந்தபின் இலண்டன் சென்று, சீட்டு வாங்கிக் கேட்பார்க்காகப் பன்னிரண்டு சிம்பொனிகளை இயற்றினார். பணியாளராக நுழைந்தவர் ஐரோப்பா அறிந்த பெருமகனாக வெளிவந்தார். மோட்சார்ட் 1781இல் ஆயரின் பணியைத் துறந்து வியன்னாவில் தம் காலில் நின்றார். பீத்தோவனுக்கோ 1809இல் பிரபுக்கள் மூவர், அவர் வியன்னாவிலேயே தங்கினாற் போதும் என ஆண்டுப்பொருள் தர உடன்பட்டனர்.

இம்மூவரையும் இன்று செவ்வியலார் என்கிறோம். ஆனால் 1810இல் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை ஆராய்ந்த ஹாஃப்மன், ஹைடன், மோட்சார்ட், பீத்தோவன் மூவரையும் ரொமாண்டிக் கலைஞர் என்றே போற்றினார்! செவ்வியல் என்னும் பெயர் அவர்கட்கு வாய்த்தது, அவர்கள் மறைந்து, அவர்தம் படைப்புக்கள் பின்வந்தோர்க்கு அளவுகோலாக நின்ற பின்னரே. 1829இல் இருபது வயதினராகிய மெண்டல்சோன் பெர்லினில் பாக்கின் மத்தேயு திருப்பாடுகளைச் சுருக்கி அரங்கேற்றினார். அது முதலிற் பாடப்பெற்று ஏறத்தாழ நூறாண்டு கழிந்திருந்தது. நாற்பதாண்டு கடந்ததனைக் கேளற்க என்றிருந்த உலகம், நூறாண்டு கடந்ததனைத் தேடிக் கேட்கத் தொடங்கிற்று. மேலையிசை செவ்வியல் ஆனது ஹைடனின் எழுதுமேசையில் அன்று, இத்தகைய அரங்குகளிலேயே என்பது என் கருத்து. செவ்வியல் இசை என்னும் தொடரை நாம் ஒருங்கே பாக்குக்கும் வாக்னருக்கும் வழங்குவதும், எழுபதாண்டுக் காலம் ஒன்றற்கே வழங்குவதும் ஆகிய குழப்பம் இதனால் நேர்ந்தது. தமிழில் கலைச்சொல் வகுப்போர் இவ்விரு பொருளுக்கும் ஒரே சொல்லை ஆளுங்கால் எச்சரிக்கை வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷூபெர்ட், ஷூமன், ஷோப்பன், லிஸ்ட், வாக்னர், பிராம்சு எனப் பெயர்கள் பெருகும். தனிமனித உணர்வு, நாட்டுப்பற்று, பெருகிய பல்லியக் குழு, இரும்புச் சட்டம் ஏறிய பியானோ என இவற்றை அடையாளம் கூறுவர். இசையியல்பு நோக்கின், ஆதார சுரத்தின் பிடி தளர்ந்தமையே தலையாயது. 1865இல் அரங்கேறிய வாக்னரின் திரிஸ்தான் தொடக்கத்திலேயே தீர்வு காணாத சுரக்கூட்டொன்று எழுந்து, மற்றொரு தீராக் கூட்டில் சென்று நிற்கும். 1889இல் பாரிசுப் பொருட்காட்சியில் சாவகத்துக் கமலான் இசையைக் கேட்ட தெபுசி, மேலை இலக்கணத்துக்குப் புறத்தேயும் நுண்கலை உண்டெனக் கண்டு வியந்தார். 1908ஐ ஒட்டி ஷூன்பெர்க் ஆதார சுரத்தை முற்றிலும் கைவிட்டார். 1913இல் பாரிசில் ஸ்திராவின்சுகியின் வசந்தச் சடங்கு அரங்கேறியபோது அவையோர் கூச்சலிட்டனர். பார்த்தோக் அங்கேரி, உருமேனியச் சிற்றூர்களில் நாட்டுப்பாடல் தொகுத்தார். 1952இல் கேஜ், கருவியாளர் நான்கு நிமிடம் முப்பத்துமூன்று நொடி ஒன்றும் இசையாதிருக்கும் படைப்பை மேடையேற்றுவித்தார். இவை அனைத்தையும் அடக்கும் ஒரு பெயர் இன்றுவரை வகுக்கப்பெறவில்லை. இருபதாம் நூற்றாண்டு என எண்ணையே பெயராக இடுகின்றனர்.

இதே நூற்றாண்டில் பழமையைத் தேடும் முயற்சி மற்றொரு படி சென்றது. பாக்கைப் பியானோவிலும் பெரும் பல்லியத்திலும் இசைப்பது அவர் கேட்ட ஒலியாகாது என்று கருதியோர், குடல் நரம்பு கட்டிய வயலின்களையும் ஆர்ப்சிகார்டையும் மீட்டனர். ஆர்னன்கூர் 1953இல் வியன்னாவில் இதற்கெனக் குழு அமைத்தார். அவரும் லெயோன்ஹார்ட்டும் பாக்கின் திருச்சபைக் கான்டாட்டாக்களை 1971 முதல் 1990 வரை ஒலிப்பதிவு செய்து முடித்தனர். 1939இல் இலண்டன் மாநாடு லா சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு என வரையறுத்திருக்க, இக்குழுவினர் பலர் ஏறத்தாழ அரைச்சுரம் இறக்கி 415இல் சுருதி சேர்க்கின்றனர். ஆகவே இன்று ஐரோப்பிய நகரொன்றில் ஒரே மாலையில் இரு அரங்குகளில் பாக்கின் ஒரே பாடல் இரு வேறு சுருதிகளில் ஒலித்தல் கூடும்.