அங்கன்வாடி டீச்சருக்குப் பின்னால் யார்?

மூன்று வயதுப் பிள்ளை ‘எனக்கு மனசு சரியில்லை’ என்று சொல்லாது. வயிறு வலிக்கிறது என்னும். பக்கத்தில் இருப்பவனைக் கடிக்கும். நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வரும். சத்துமாவு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருக்கும். இதற்கெல்லாம் நம் வீடுகளில் விளக்கம் தயாராக இருக்கிறது: பயந்திருக்கு, கண்ணு பட்டிருக்கு, அப்பன் மாதிரியே அடம். மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். கேட்காவிட்டால் முதுகில் ஒன்று வைப்பார்கள்.

குழந்தை மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலான ஊர்க்காரர்கள் நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கன்வாடி டீச்சரோ அடுத்த தெருவில் இருக்கிறார். பிள்ளையைத் தினமும் சில மணி நேரம் பார்க்கிறார். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோது முதல் கவலை பசியும் எடையும் தடுப்பூசியும்தான். அது நியாயமும்கூட. தமிழ்நாட்டில் மட்டும் இன்று 54,000-க்கும் அதிகமான மையங்கள் இருக்கின்றன. எடை குறைந்தால் கண்டுபிடிக்க மையத்தில் தராசு இருக்கிறது. மனம் வாடினால் கண்டுபிடிக்க டீச்சரின் கண் மட்டுமே உண்டு. அந்தக் கண்ணைப் பழக்குவதுதான் அங்கன்வாடி டீச்சர்களுக்கான மனநலப் பயிற்சியின் வேலை.

எது இயல்பு, எது எச்சரிக்கை

பயிற்சியில் முதலில் சொல்லித்தர வேண்டியது நோய்ப் பெயர்களை அல்ல; வயதுக்கேற்ற இயல்பை. இரண்டு, இரண்டரை வயதில் கடிப்பதும் தள்ளுவதும் சொல் பற்றாததால் வருவது. அந்த வயதில் பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவதைவிடப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவதே அதிகம். புதிதாகச் சேர்ந்த பிள்ளை சில வாரங்கள் அழுவதும் வழக்கம்தான். இது தெரியாத டீச்சர் எல்லாப் பிள்ளையையும் சந்தேகிப்பார், அல்லது எதையுமே கண்டுகொள்ள மாட்டார்.

கவலைப்பட வேண்டியவை வேறு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டிக் காட்டாமல் இருப்பது, இரண்டு வயதாகியும் ‘பால் குடு’ போல இரண்டு சொல் சேர்க்காமல் இருப்பது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பேசாத பிள்ளை என்றால் காது கேட்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். வந்த பேச்சு எந்த வயதில் நின்றுபோனாலும் காத்திருக்கக் கூடாது. வீட்டில் வாயாடி, மையத்தில் ஒரு மாதத்துக்கு மேலும் ஒரு வார்த்தை இல்லை என்றால் அதை வெறும் கூச்சம் என்று விட்டுவிட முடியாது. அதுவரை சிரித்து விளையாடிய பிள்ளை திடீரென்று ஒடுங்கிப்போனால் வீட்டில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்: தாத்தா இறந்திருக்கலாம், அம்மா வெளியூர் வேலைக்குப் போயிருக்கலாம், அப்பாவின் குடியும் அடியும் கூடியிருக்கலாம். பிரசவத்துக்குப் பின் தாய்க்கு வரும் மனச்சோர்வும் பிள்ளையின் முகத்தில் தெரியலாம். வீடு வீடாகப் போகிற டீச்சர் அதைக் கவனிக்க நல்ல இடத்தில் இருக்கிறார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டீச்சர் ‘இது ஆட்டிசம்’ என்று முடிவு சொல்லக் கூடாது. கண்டதைத் தேதியோடு எழுதி வைத்தால் போதும்.

பத்து நொடி வேலை

பிள்ளையின் மனநலத்துக்கு உதவுவது என்றதும் தனி அறை, ஆலோசகர் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது நடப்பது ஒருவன் இன்னொருவனின் பொம்மையைப் பிடுங்கிக் கடிக்கிற அந்தப் பத்து நொடியில். கத்தாமல், தரதரவென்று இழுக்காமல், குனிந்து கண்ணுக்கு நேராக வந்து, “உனக்குக் கோவம் வந்துடுச்சு. கடிச்சா அவனுக்கு வலிக்கும். கேட்டு வாங்கலாம், வா” என்று சொல்ல வேண்டும். உணர்ச்சிக்கு ஒரு பெயர், செயலுக்கு ஓர் எல்லை, அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு வழி. படித்தால் எளிது. இருபது பிள்ளைகள் இரைகிற ஒற்றை அறையில், அடுப்பில் பருப்பு வேக, கைபேசி ஒலிக்க, இதைச் செய்வது கடினம். அதனால்தான் இதைச் சொற்பொழிவில் கற்றுத்தர முடியாது. ஒருவர் பிள்ளையாக, ஒருவர் டீச்சராக நடித்துப் பழக வேண்டும். ஆயாவையும் அந்த வகுப்பில் உட்கார வைக்க வேண்டும்; அழுகிற பிள்ளையைப் பல நேரம் தூக்குவது அவர்தான்.

கைவிட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. “சும்மா இரு, ஊசி போட்டுடுவேன்.” தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் புதன்கிழமை, பல ஊர்களில் செவிலியர் வருவதும் அதே மையத்துக்குத்தான். பூச்சாண்டி வர மாட்டான், ஊசி உண்மையிலேயே வரும். நம்பி உட்கார வேண்டிய இடத்தையே பிள்ளை பயந்து பார்க்கப் பழகிவிடும்.

பெற்றோரிடம் சொல்வது

“உங்க பையன் சரியில்லம்மா” என்று வாசலில் நாலு பேர் முன்னால் சொன்னால் அடுத்த நாள் பையன் வர மாட்டான். “ரெண்டு வாரமா யாரோடயும் சேராம ஓரமா உக்காந்திருக்கான்க்கா. வீட்ல எப்படி இருக்கான்?” என்று தனியாகக் கேட்டால் பேச்சு தொடரும். கயிறு கட்டியிருந்தால் அதைப் பழிக்கவும் வேண்டாம். கயிறு இருக்கட்டும், டாக்டரையும் பார்ப்போம் என்றால் முடிந்தது.

எங்கே அனுப்புவது என்பதும் டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். வளர்ச்சித் தாமதமும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் உண்டு. எழுதிவைத்த குறிப்பு அன்றுதான் கைகொடுக்கும். அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பாலியல் துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் மட்டும் குடும்பத்தின் சம்மதத்துக்குக் காத்திருக்கக் கூடாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம். பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டுக் குடைவதும் தவறு.

பயிற்சி முடிந்த மறுநாள்

2023-ல் ஒன்றிய அரசு தொடங்கிய ‘போஷன் பி, படாய் பி’ (ஊட்டமும் படிப்பும்) திட்டத்தில் மேற்பார்வையாளர்கள் முதலில் கற்று, பிறகு பணியாளர்களுக்கு மூன்று நாள் கற்றுத்தருகிறார்கள். உணவோடு கற்றலையும் பேசுவது நல்ல மாற்றம். ஆனால் மூன்று நாள் வகுப்பு, ஒரு கையேடு, கடைசி நாள் குழுப் படம் என்பதோடு நின்றுவிட்டால் எதுவும் மாறாது என்பது என் எண்ணம்.

வகுப்பறைக்கே உதவி வந்தால் என்ன மாறும் என்பதற்கு அமெரிக்காவில் சான்று இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், அரசு நிதியில் நடக்கும் முன்பருவ வகுப்புகளிலிருந்து ஆயிரம் பிள்ளைகளில் 6.67 பேர் நீக்கப்படுவது தெரியவந்தது. மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள்! பெரிய வகுப்பு மாணவர்களைவிட இது மூன்று மடங்குக்கும் மேல். மனநல ஆலோசகர் வகுப்புக்கே வந்து உதவிய இடங்களில் நீக்கம் குறைவாக இருந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் அந்த உதவி ஒரு திட்டமாகவே நடக்கிறது: ஆலோசகர் சில வாரங்கள் வகுப்பறைக்கு வந்து, டீச்சரோடு உட்கார்ந்து பார்த்து, வழி சொல்கிறார். பிள்ளையைத் தனியே கூட்டிப்போய்ச் சிகிச்சை தருவது அவர் வேலை அல்ல.

நம்மிடம் அத்தனை ஆலோசகர்கள் இல்லை. இருக்கிற ஆட்களைக் கொண்டே தொடங்கலாம். மாதாந்திரக் கூட்டத்தில் பதிவேடும் போஷன் டிராக்கர் செயலியும் பேசப்படுகின்றன. அதில் அரை மணி நேரத்தை ஒரே ஒரு பிள்ளைக்கு ஒதுக்கட்டும். ஒரு டீச்சர் சொல்ல, மற்றவர்கள் கேட்க, மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் தொலைபேசியிலாவது சேர்ந்துகொள்ளட்டும். வாக்காளர் பட்டியல் வேலை வரை சுமக்கிற டீச்சருக்கும் மனம் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைப் பெற்றோருக்குக் கொடுக்கச் சொல்லித்தரும்போது, அவரும் அதில் பேசலாம் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். முந்தின இரவு வீட்டில் அடிவாங்கி வந்தவரிடம் காலையில் குனிந்து, கண் பார்த்து, பொறுமையாகப் பேசுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட முடியாது.