கிணற்றடி எவ்வளவு தூரம்?

(இரட்டைமலை சீனிவாசன் – 6)

தென்னாப்பிரிக்காவிலிருந்து 1921-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை திரும்பியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அறுபது வயதைத் தாண்டிவிட்டார். மற்றவர்கள் ஓய்வை நினைக்கும் அந்த வயதில்தான் அவருடைய சட்டசபை வாழ்க்கை தொடங்குகிறது.

1923-ல் அவர் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமன உறுப்பினரானார். ‘நியமனம்தானே’ என்று இன்று சிலர் இளக்காரமாகச் சொல்லிக் கேட்கிறேன். அன்றைய ஏற்பாடு என்ன என்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும். சபையில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் 98. நிலமும் வரியும் உள்ளவனுக்கே வாக்கு. சேரியில் பிறந்தவனுக்கு நிலம் ஏது, வரி ஏது? தாழ்த்தப்பட்டோருக்கென்று ஒதுக்கிய ஐந்து இடங்களையும் நிரப்பியவர் கவர்னர். அந்த வழியைத் தவிர உள்ளே போக வேறு வழி அவர்களுக்குக் கிட்டத்தட்ட இல்லை. தாழ்த்தப்பட்டோரின் இன்னொரு தலைவரான எம்.சி. ராஜாவும் அப்படி நுழைந்தவர்தான். ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்று எழுதிவந்த அரசு, ‘ஆதிதிராவிடர்’ என்று எழுதத் தொடங்கிய 1922-ஆம் ஆண்டு ஆணைக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது.

சீனிவாசனுக்கு மனு எழுதிப் பழக்கம் அதிகம். 1893-ல், சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அதை எதிர்த்து 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீள மனுவாகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர் அவர். இங்கேயும் தேர்வு வந்தால் கலெக்டர் நாற்காலியில் யார் உட்காருவார்கள், சேரியின் கதி என்ன ஆகும் என்பதே அவர் கவலை. மனு கொடுப்பவன் வாசலில் நிற்கிறவன். முப்பது ஆண்டுகள் கழித்து அதே மனிதர் உள்ளே உட்கார்ந்து தீர்மானம் கொண்டுவந்தார். அந்த வித்தியாசம்தான் இந்த அத்தியாயம்.

நாள், 1924 ஆகஸ்ட் 22. அன்று சபை ஏற்ற அவருடைய தீர்மானத்தின் சாரம் இது: எந்த ஊரிலும் நகரத்திலும் உள்ள பொதுச் சாலையில், தெருவில், பாதையில் எந்த வகுப்பினர் நடப்பதற்கும் தடையில்லை. அரசு அலுவலகம், பொதுக் கிணறு, குளம், பொதுக்காரியங்கள் நடக்கும் கட்டடங்கள் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் பயன்படுத்துவது போலவே தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தலாம். செப்டம்பர் 25-ல் அது அரசாணையாகவும் வெளிவந்தது.

இந்தத் தீர்மானத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்துவது, அதில் கோயில் இல்லை என்பது. அதே ஆண்டு மார்ச் 30 முதல் திருவிதாங்கூரில், வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில் கருவறை வரை கேட்டிருக்கலாம். சீனிவாசன் கேட்டது தண்ணீரையும் தெருவையும் கச்சேரி வாசலையும். வரிப்பணத்தில் வெட்டிய கிணறு, வரிப்பணத்தில் போட்ட சாலை. சாஸ்திரத்தைக் காட்டி மறுக்க முடியாத இடமாகப் பார்த்து அவர் கைவைத்தார். நிதானமான அரசியல் அறிவு இல்லாமல் இப்படி ஒரு எல்லை வகுக்க முடியாது.

ஆனால் கோட்டையில் போட்ட கையெழுத்து கிராமத்துக் கிணற்றடிக்குப் போய்ச் சேர வேண்டுமே. அன்றைய இரட்டையாட்சியில் சட்டசபைத் தீர்மானம் ஒரு பரிந்துரை மட்டுமே. சாலையும் கிணறும் உள்ளாட்சித் துறை. அது அமைச்சரிடம், முதலமைச்சர் பனகல் அரசரின் கையிலேயே இருந்தது. தண்ணீர் எடுக்க வந்தவனை அடித்தால் தடுக்க வேண்டிய போலீசும், கர்ணத்தையும் கிராம முன்சீப்பையும் கட்டி மேய்க்கும் வருவாய்த் துறையும் கவர்னரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தன; அவை சட்டசபைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. தாலுகா போர்டுகளில் உட்கார்ந்திருந்தவர்களோ பெரும்பாலும் நிலக்காரர்கள். எது பொதுக் கிணறு, எது கோயில் கிணறு, எது சொந்தக் கிணறு என்ற வழக்கே ஒரு தலைமுறையைத் தின்னப் போதுமானது. தண்ணீர் கேட்டுப் போகிறவன் மறுநாள் காலையில் அந்த நிலக்காரரின் வயலில்தான் கூலிக்கு இறங்க வேண்டும். இதைத் தொடாமல் எழுதப்படும் எந்த ஆணையும் பாதிதான்.

ஆணை வந்து இரண்டு மாதம்கூட முடியவில்லை. அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில், நவம்பர் தேர்த்திருவிழாவின்போது அக்ரகாரத் தெருவுக்குள் நடந்த ஈழவர்கள் அடிபட்டார்கள். ஈழவர்களாக இருந்தால் தெருவில் நடக்க வழியில்லை என்று கண்டு பலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்தார்கள். அரசாணை காகிதத்தில் இருந்தது. தெரு அக்ரகாரத்திடம் இருந்தது.

பம்பாயிலும் இதே கதைதான். பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறந்துவிடும் எஸ்.கே. போலேயின் தீர்மானத்தை அந்தச் சட்டசபை 1923 ஆகஸ்டிலேயே ஏற்றுவிட்டது. அதை வைத்து மஹாட் நகராட்சி தன் குளத்தைத் திறப்பதாக அறிவித்தது. ஆனாலும் 1927 மார்ச் 20-ல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களை அழைத்துக்கொண்டு போய்ச் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்த வேண்டியிருந்தது. அதற்கும் அடி விழுந்தது.

அப்படியானால் தீர்மானத்தால் பயனில்லையா? நான் அப்படி நினைக்கவில்லை. 1924-க்கு முன்பு தெருவில் நடந்தவன் குற்றவாளி போல நடத்தப்பட்டான். அதற்குப் பிறகு தடுத்தவன்தான் அரசாணையை மீறியவன். போலீஸ் ஸ்டேஷனிலும் கலெக்டர் கச்சேரியிலும் நடந்தவன் நீட்டிக் காட்ட ஒரு காகிதம் கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஒருவன் சேரியில் இருந்தாலும் அந்தக் காகிதத்துக்கு வேலை உண்டு. சீனிவாசனின் பெயரைச் சொன்னால் வட்டமேஜை மாநாடுதான் பலருக்கு நினைவு வருகிறது. இந்த ஆகஸ்ட் மாதத்தை அதைவிட ஒரு படி மேலே வைப்பேன்.

தங்கள் உறுப்பினரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதவரை இந்தக் காகிதமும் கவர்னரின் தயவில்தான் நிற்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1930-ல் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அமர்ந்தபோது அவர் கையில் இருந்த கோரிக்கை அதுதான். 1932 செப்டம்பர் 24-ல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் சென்னை மாகாணத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய இடங்கள் 30. கையெழுத்திட்டவர்களில் சீனிவாசனும் ஒருவர். ஐந்து நியமன இடங்களிலிருந்து முப்பது தேர்தல் இடங்களுக்கு வந்த அந்த வழியில், அவர் எதைப் பெற்றார், எதை விட்டுக்கொடுத்தார்?

(தொடரும்)