பெம்ப்டன் பாறையில் ஒரு குடித்தனம்

இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் கரையில், 100 மீற்றர் உயரமான பெம்ப்டன் சுண்ணப்பாறைகளில், கோடைதோறும் இலட்சக்கணக்கான கடற்பறவைகள் குஞ்சு பொரிக்கக் கூடுகின்றன. அந்த இரைச்சலையும் நாற்றத்தையும் சொல்லி முடியாது!

'கில்லிமொட்' பறவை கூடே கட்டுவதில்லை. வெறும் பாறை விளிம்பில் ஒரேயொரு முட்டை. தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். ஏறக்குறைய மூன்று வாரத்தில், பறக்கத் தெரியாத குஞ்சைத் தந்தை கீழே கடலிலிருந்து கூப்பிடும். குஞ்சு தயங்கும், கத்தும், பின் குதித்துவிடும். அதன்பின் கடலில் வளர்ப்பதும் தந்தைதான்.

முன்னர் கயிற்றில் இறங்கி இம்முட்டைகளைக் கூடை கூடையாக அள்ளினார்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டமே அதனை நிறுத்தியது.

குதிப்பதைக் காண விரும்பும் அன்பர்கள் ஜூன் கடைசியில், மாலையில் செல்வது நல்லது. கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம். அங்கே கோடையிலும் குளிர்காற்றுத்தான்.